ஈஸ்டர் கறியில் ஊற்றிய ஒயின்

என் உயிரான அண்ணனுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு உங்களை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகிறது. துடியலூர் வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருக்கிறோம். அண்ணி வேண்டாமென்றார். நான்தான் பிடிவாதம் பிடித்துச் சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்திருக்கிறேன். கூடத்தில் உங்கள் படம்கூட இல்லை. ஏன் என்று தெரியுமா?

நீங்கள் மறுபடி குடித்துத்தான் செத்தீர்கள் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பதினோரு மாதம் ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷனை! கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காதவள் நான்தானே.

அன்றைக்கு ஈஸ்டர் விருந்து என் சமையல். கேட்டரிங் வேலையில் கற்றுக்கொண்டதைக் காட்டிவிட வேண்டுமென்ற திமிர் எனக்கு. கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயின் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. ஆட்டுக்கறி வதங்கும்போது பாதியை ஊற்றினேன். கொதித்தால் போதையெல்லாம் ஆவியாகிவிடும் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? மணத்துக்காக, இறக்கிய பிறகு மீதியையும் ஊற்றினேன். சொன்னால் தொடமாட்டீர்கள் என்று சொல்லாமல் விட்டேன்.

"அம்மணி, இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அண்ணியும் ஒன்றை மறைத்திருந்தார். குடியை நிறுத்துகிற மாத்திரையைப் பொடித்துத் தினமும் உங்கள் காபியில் கலந்துவந்திருக்கிறார். அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில் மது சேரவே கூடாதாம். ஏற்கெனவே உங்கள் இருதயம் பலவீனம். முகம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அண்ணி அழுதுகொண்டே மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அப்படியானால் இவர் குடித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையில் இன்னும் கறி வாசம் அடித்தது.

போன வாரம் அண்ணி என்னிடம் சொன்னார்: "உங்கண்ணன் என்னைய ஏமாத்திப்போட்டாரு எஸ்தரு. மாத்திரை குடுத்து நானும் அவர கொன்னுபோட்டேன்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதைவிடப் பெரிய பாவம் உண்டா அண்ணா? அண்ணி வாசற்படி ஏற விடமாட்டாரே, பிள்ளைகள் என்னை அத்தை என்று கூப்பிடமாட்டார்களே என்று பயந்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

இனி முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வேன். இது உங்கள்மேல் சத்தியம்:

"அண்ணன் குடிக்கலீங்க. கறியில நாந்தானுங்க ஒயின் ஊத்துனேன்."

உங்கள் ஒரே தங்கச்சி,
எஸ்தர்