அலைப்படம் வாங்கிய கதை

இராயபுரம், 1931

அன்புள்ள ஞானத்துக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நீ கேட்டபடி என்னைப் படம் எடுத்துக்கொள்ளத்தான் ஹென்றி அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போனேன். சுவரில் பெரிய படம் ஒன்று, அலை பொங்கிக்கொண்டு நிற்கிறது! தொட்டால் கை நனைந்துவிடும்போல் இருந்தது. அதை அச்சுப்போடும் கண்ணாடித் தகடு உடைந்துவிட்டதாம், இனி அப்படி இன்னொன்று போட முடியாதாம். கொண்டுபோன பணத்தை அப்படியே நீட்டிவிட்டேன்.

“இன்னாப்பா, மூஞ்சியே இல்லாத படத்தை வாங்கிகினு போறே?”

“வேலை முடிஞ்சு அறைக்கு வந்தா, பாத்துக்கிட்டு இருக்க ஒண்ணு வேணும்ணே.”

அவர் அலையை என் கையில் பிடிக்கச் சொல்லி, காசு வாங்காமல் என்னைப் படம் எடுத்தார். இதோடு அனுப்பியிருக்கிறேன். கோபிக்காதே.

ஹார்பர் சங்கு ஊதுகிறது, ஓடவேண்டும். நீயும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உன் இன்னாசி