புது அப்பாவுக்குச் சில குறிப்புகள்

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே நீங்களும் குழந்தையும் குழந்தையின் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் எங்கள் லிஃப்ட் கம்பெனியின் பட்டறை முகவரிக்கு வந்து சேர்ந்தது. சூப்பர்வைசர் கிரீஸ் கையோடு கொண்டுவந்து நீட்டினார். கோர்ட்டிலிருந்து இன்னொரு நோட்டீஸ் என்று நினைத்து மத்தியானம் வரை பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பிரித்தால், குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டைக் கொளுத்தினவனிடமே நெருப்பணைக்க வழி கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் கல்யாணமாகி எட்டே மாதத்தில், மூக்குக் கண்ணாடிக் கடையையும் கவனித்துக்கொண்டு, இன்னொருவன் பெற்ற பிள்ளை சாப்பிடவில்லையே என்று நாலு பக்கம் எழுதுகிற மனிதருக்குப் பதில் போடாமல் இருப்பது பாவம். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். நானும் கடை முகவரிக்கே அனுப்புகிறேன்.

உங்களை எப்படி அழைப்பது என்றுதான் ரொம்ப யோசித்தேன். மச்சான், சகலை, சம்பந்தி என்று நம் பாஷையில் எத்தனையோ உறவுக்குப் பெயர் இருக்கிறது. என் மகளை வளர்க்கிறவருக்கும் எனக்கும் நடுவில் உள்ளதற்கு ஒரு வார்த்தை இல்லை. 'சார்' என்றே இருக்கட்டும்.

குழந்தையின் அம்மாவுக்குத் தெரியாத விஷயங்களை என்னிடம் கேட்கிறோமே என்று நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அவருக்குக் காலை ஆறு மணிக்கே ஷிப்ட். எனக்குக் கூப்பிட்டால் போகிற வேலை. அதனால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் என் பக்கம் வந்தது. அவர் மேல் குறை இல்லை.

போன் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை என்கிறீர்கள். அந்தப் பழக்கத்தைப் பழக்கியவன் நான். ஒன்றரை வயதில் ஆரம்பித்தேன். திரையில் பொம்மைப் படம் ஓடும், வாய் தானாகத் திறக்கும், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே இருக்கலாம். பத்து நிமிஷத்தில் தட்டு காலி. என்னைப் போல் சாமர்த்தியசாலி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு நாலு வயதானபோது ஒருநாள் ஆத்திரத்தில் போனைப் பிடுங்கினேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். நீங்கள் பிடுங்காதீர்கள். சாப்பிடும்போது வீட்டிலுள்ள எல்லாப் போனும் மேஜை டிராயருக்குள் போகட்டும், முதலில் உங்களுடையது. பிறகு அவள் கையில் ஒரு வேலை கொடுங்கள். அவித்த முட்டையைத் தோல் உரிக்கச் சொல்லுங்கள். ஒரு முட்டைக்கு இருபது நிமிஷம் எடுப்பாள், பார்க்கிற நமக்குக் கை துறுதுறுக்கும். உதவி செய்து கெடுத்துவிடாதீர்கள். தான் உரித்த முட்டையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

தலைக்குக் குளிக்கக் கத்துகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பின்னாலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். குவளையை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். "சூடு இல்லம்மா" என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். அவள் பார்க்கும்படி முதலில் உங்கள் கையை முக்குங்கள். அப்புறம் அவள் ஒரு விரலை விடுவாள், அப்புறம் இரண்டு. நேரமாகிறதே என்று அவசரப்பட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வரும் வயிற்றுவலி நடிப்பில்லை சார். நிஜமாகவே வலிக்கும். என்ன பயம் என்று எதிரே உட்கார்ந்து விசாரித்தால் வாயில் பூட்டு. பக்கத்தில் நடந்துகொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேளுங்கள். லிஃப்டுக்குள் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல்தான் மனசைத் திறப்பார்கள், இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

பொய் சொல்கிறாள் என்பது உங்கள் கடைசிக் கவலை. "யார் பண்ணது?" என்ற கேள்வியை மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். பால் கொட்டிக் கிடந்தால், "வா, துடைக்கலாம்" என்று துணியை எடுங்கள். துடைத்து முடிப்பதற்குள் உண்மை தானாக வந்துவிடும்.

இடது கையைப் பற்றி யாராவது கேட்டால், டிராகன் ஊதிவிட்டது என்பாள். அப்படியே விட்டுவிடுங்கள். நான் அவளை வாலு என்று கூப்பிடுவேன். நீங்கள் என்ன கூப்பிடுகிறீர்களோ தெரியவில்லை.

எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்

●

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முட்டை வேலை செய்ததில் சந்தோஷம். ஒரே வேளையில் இரண்டு முட்டை உரித்து, ஒன்றை உங்கள் தட்டில் வைத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை ஒரு மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு அவள் ஒருநாளும் வைத்ததில்லை. உங்களுக்கு வைத்தது நல்லதுதான்.

இங்கே வேலை இருக்கிறது. முழங்கால்தான் படிக்கட்டு ஏறும்போது சத்தம் போடுகிறது. லிஃப்ட் மெக்கானிக் மட்டும்தான் எப்போதும் படியேறிப் போகிறவன்.

கையில் என்ன தழும்பு, அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கோர்ட் காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் இருக்கும். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அவளுக்கு ஐந்து வயது. பள்ளி விடுமுறை. அம்மா வேலையில். பகல் பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆறு பேர், அதில் ஒரு பெண் நிறைமாதம். "உன் வீட்லேர்ந்து பத்து நிமிஷம்தான், மத்தவன் வர ஒரு மணி நேரமாகும்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினேன், பூட்டியிருந்தது. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு முந்தின மாதம்தான் மோட்டார் அறையில் ஒருத்தன் விரலை இழந்திருந்தான், அந்தப் பயம். அவளை சோபாவில் உட்கார வைத்து, என் பழைய போனில் படம் போட்டுக் கொடுத்தேன். "பெரிய முள் ஆறுக்கு வர்றதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்றேன். தலையை ஆட்டினாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவை வெளியே பூட்டினேன்.

பிரேக் இறுகிக்கிடந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. ஆறு பேரையும் பத்திரமாக வெளியே எடுத்தேன். அந்தப் பெண்ணின் கணவர் என் கையைப் பிடித்து அழுதார். படியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சார், அந்தக் கைதட்டலைக் கேட்டபடி நான் ஒரு டீ குடித்தேன். நாலு நிமிஷம் இருக்கும். இதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அவளுக்குப் பசித்திருக்கிறது. நான் நூடுல்ஸ் செய்வதைத் தினமும் பார்க்கிறவள். ஸ்டூலைப் போட்டு ஏறி, மின்சாரக் கெட்டிலைப் போட்டிருக்கிறாள். கொதித்த தண்ணீர் கையில் சாய்ந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது குளியலறையில் உட்கார்ந்திருந்தாள், கையை வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு. அழவில்லை. என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, நான் ஒண்ணும் பண்ணல."

அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் பொய் சொல்லவில்லை சார். அவள் ஒன்றும் பண்ணவில்லை.

அவள் அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஐந்தாம் நாள், "உன்னால முடிஞ்சத நீ பண்ணே. எனக்கு அது போதல" என்றார்.

ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் அந்தத் தழும்பில் எண்ணெய் தடவி, கட்டைவிரலால் வட்டமாக ஐந்து நிமிஷம் அழுத்தித் தேய்க்க வேண்டும். டாக்டர் சொன்னது. இல்லாவிட்டால் வளர வளர முழங்கை மடங்கிக்கொள்ளும். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கவனிக்காத மாதிரி இருப்பாள். நிறுத்தினால் உடனே கையை ஆட்டிக் காட்டுவாள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்

●

மதிப்புக்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தையை நீங்கள் தத்தெடுக்க என் சம்மதம் கேட்டுக் கொடுத்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தீர்கள், மூன்றிலும் போட்டுவிட்டேன். சாட்சிக் கையெழுத்து சூப்பர்வைசருடையது. "யோசிச்சுப் பண்ணு, அப்புறம் நீ அவளுக்கு யாரோதான்" என்றார். யோசித்துத்தான் பண்ணினேன்.

போன வாரம் குழந்தையை உங்கள் கடைக்கு வரவழைத்துக் காட்டினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது. நீங்கள் மூவரும் வேறு தேசத்துக்குக் குடிபோவதற்குள் ஒருமுறை பார்க்கட்டும் என்று குழந்தையின் அம்மாவே சம்மதித்தார் என்றீர்கள். அவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து எதிர்ச் சாரியில் நின்றிருந்தேன். உள்ளே வந்தபோது கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பெரியவர்கள் போடுகிற பிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டாள். முன்பல் முளைத்துவிட்டது. நீங்கள் நாகரிகமாக உள் அறைக்குப் போய்விட்டீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாது.

அவள் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். "அப்பா நீ லூசு, சட்டைய திருப்பிப் போட்டிருக்கே" என்பாள். அப்பாவிடம் மரியாதை வேண்டாமா என்று அம்மா கண்டிக்கும்போதெல்லாம், நான்தான் விடு விடு என்பேன். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். நல்லா இருக்கேன்மா என்றேன். "உக்காருங்க" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களிடம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள். நல்ல பழக்கம். குறை சொல்லவில்லை. வாலு என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது, எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற பிள்ளையை அப்படிக் கூப்பிட முடியவில்லை. பள்ளிக்கூடம், புது ஊரில் பனி பெய்யுமா, என்ன வகுப்பு என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பத்து நிமிஷத்தில் உள் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு உங்களை "அப்பா" என்று கூப்பிட்டாள். என் உடம்பு தானாகத் திரும்பியது. நீங்கள் உள்ளேயே நின்றீர்கள். அவள் இன்னொரு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தீர்கள்.

அன்று சாயங்காலம்தான் காகிதங்களை எடுத்தேன். இரண்டு அப்பாவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளையை நான் இதுவரை நிற்க வைத்தது போதும்.

போகிற இடத்தில் குளிர் அதிகம் என்றால் தழும்பு இறுகும், எண்ணெயை இரண்டு வேளையாக்குங்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் எலும்பு வேகமாக வளரும்போது தோலைத் தளர்த்தி இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய ரிப்போர்ட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள். முழுக்கைச் சட்டை கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அரைக்கை கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள். இதைப் போட்டுக்கொள் என்று நாமாகச் சொல்லக் கூடாது.

பெரியவளானதும் டிராகன் கதை செல்லாது. ஒருநாள் கேட்பாள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், டீ குடித்தது உட்பட. எனக்காக எதையும் குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டு என்னைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நம்பர் கொடுங்கள். சொல்லாவிட்டால் நீங்களாகத் தூண்ட வேண்டாம். அநேகமாகச் சொல்ல மாட்டாள்.

நான் இனிமேல் எழுதுவதாக இல்லை. நீங்களும் எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிப்பேன், படித்தால் பதில் போடுவேன். அது யாருக்கும் நல்லதில்லை. இனி ஏதாவது சந்தேகம் வந்தால் அவளையே பக்கத்தில் நடக்க வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று மட்டும். அவள் அப்பா என்று கூப்பிடும்போது என் முகத்தை நினைத்துத் தயங்கி நிற்காதீர்கள் சார். அன்றைக்குக் கடையில் நின்ற மாதிரி நிற்காதீர்கள். முதல் தடவையே "என்னம்மா" என்று கேட்டுவிடுங்கள். என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

மூன்று பேரும் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். குழந்தை நோய்நொடியில்லாமல், கைகால் சுகத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஒருவன்