அண்ணா, உங்கள் மண்மேடு அமர்ந்துவிட்டது

கோவிந்தாபுரத்தின் முடிசூடா மன்னரே, எனக்கு முன்னால் பிறந்து முன்னாலேயே போய்விட்ட அன்பு அண்ணா,

நல்ல செய்தி. நீங்கள் வீடு கட்ட ஆசைப்பட்டு விட்டுப்போன தெற்குக் காட்டில் வருகிற தை மாதம் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் பறிக்கிறோம். எந்த ஜன்னலோரம் உட்காருவது என்பதுகூட அண்ணிக்கு முடிவாகிவிட்டது.

தாமதத்துக்குக் காரணம் உங்கள் மகள், பொறியாளர் சுகன்யா. அடியில் பத்தடிக் களிமண், அவசரப்பட்டால் சுவர் பிளக்கும் என்று சொல்லி, வீட்டின் எடைக்குச் சமமாக மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஒரு வருடம் காத்திருக்க வைத்தாள். மேடு எவ்வளவு உயரம் என்கிறீர்கள்? கொல்லங்கோட்டு மலைகள் எட்டிப் பார்த்துவிட்டு வெட்கத்தில் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டன. சரி, ஆறடி.

மேடு போட்ட கையோடு கணினிக்குள் அந்தக் களிமண்ணைத் தோசை தோசையாக அடுக்கி, எந்த அடுக்கிலிருந்து எந்த நாள் எவ்வளவு தண்ணீர் பிழிந்து வெளியேறும், மண் எவ்வளவு அமரும் என்று கணக்குப் போட்டாள். எமனிடம்கூட அப்படியொரு கணக்கு கிடையாது. இருந்திருந்தால் உங்களை இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டிருப்பானா?

கணினி ஒரு கோடு வரைந்தது. மேட்டடியில் புதைத்த இரும்புத் தட்டு எவ்வளவு இறங்கியது என்று வாராவாரம் அளந்து புள்ளி வைத்தாள். நான்கு மாதம் புள்ளிகள் சமர்த்தாகக் கோட்டின்மேல் நடந்தன. அப்புறம் கோட்டைவிட்டுக் கீழே இறங்கின. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. தன் கணக்கே தப்பு, இந்தத் தையிலும் வேண்டாம் என்றாள். அண்ணி முகம் வாடிப்போயிற்று.

ஒரு நாள் மேட்டைச் சுற்றிவந்தவள் என் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சித்தப்பா, இதுமேல ஆராச்சும் மண்ணு கொட்டுனாங்களா?"

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

உங்களிடம் மறைப்பேனா? மேடு அமர அமர, பக்கத்துக் காட்டுப் பங்காளிகள், உங்கண்ணன் மேடு படுத்துக்கிச்சே என்று சிரித்தார்கள். உங்கள் மேடு தாழ்வதா? டிராக்டரை எடுத்தேன்.

"டிராக்டர்ல பன்னண்டு நடை மண்ணு, கண்ணு. உங்கப்பன் மேடு தாழக் கூடாதுன்னுதான்."

"தாழறதுக்குத்தான் கொட்டுனதே சித்தப்பா."

திட்டவில்லை. எந்த வாரம் எத்தனை நடை என்று கேட்டுக் கணினியில் சேர்த்தாள். கோடு வளைந்து இறங்கி, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று. அவள் கணக்கு தப்பவே இல்லை. தோள் குலுங்க, அப்படியே உங்களைப்போலச் சிரித்தாள். கூடுதல் பாரத்தால் மண் முன்கூட்டியே அமர்ந்ததாம். ஆக, உங்கள் வீட்டின் இணைப் பொறியாளன் நான். நீங்கள் இருந்திருந்தால் பதின்மூன்றாவது நடை நீங்களே கொட்டியிருப்பீர்கள், இல்லையா?

வாக்குத் தருகிறேன் அண்ணா. இனி அங்கே என் கையால் ஒரு கூடை மண் விழாது. கடைக்கால் பறிக்குமுன் மேட்டை வாரி அகற்றும் நாளில் முதல் மண்வெட்டி நான்தான் போடுவேன். சிரித்த பங்காளிகள் பார்க்கப் பார்க்க, உங்கள் மேட்டை நானே தரையாக்குவேன்.

பன்னிரண்டு நடைப் பாசத்துடன்,
உங்கள் ஒரே தம்பி