தொண்ணூறு நாள் நிறுத்தம்

ஜன. 28, செவ்வாய்

காலையில் நல்ல பனி. துணி காயவில்லை. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகல். இருமல் இல்லை (நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன், மூன்று தடவை).

பதினோரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் சார் திருநெல்வேலியிலிருந்து போன். மெயில் பாத்தீங்களாம்மா என்றார். பார்த்தேன். அமெரிக்காவில் புது அதிபர் வந்த அன்றே கையெழுத்து: வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவி தொண்ணூறு நாளைக்கு நிறுத்தம். யாரிடமும் கேட்கவில்லை. பாதியில் நிற்கிற வேலை என்ன ஆகும் என்றும் பார்க்கவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ ஆபீஸ். அதில் தென்காசியில் செல்போன் கடை மாடியில் எங்கள் டி.பி. திட்டத்தின் ஒற்றை அறையும் ஒன்று.

இன்றே பூட்ட வேண்டும். அடையாளக் கார்டு, பதிவேடு, மாத்திரை எல்லாம் ஒப்படைக்க வேண்டும். நோயாளிகளுக்குப் போன்கூடச் செய்யக்கூடாது. ஏன் நிற்கிறது என்று கேட்டால் என்ன சொல்ல என்றேன். "ஒண்ணும் சொல்லாண்டாம்னுதாம்மா சொல்லுதாங்க." அவர் குரலே சரியில்லை.

என் பட்டியலில் டி.பி. நோயாளிகள் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் தாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவிடுவார்கள். க. போகமாட்டாள். (முழுப் பெயர் இங்கேயும் எழுதமாட்டேன்.)

க.வுக்கு வயது இருபத்து மூன்று. மாமியாரும் அவளும் பீடி சுற்றுகிறார்கள். புருஷன் கொல்லத்தில் புரோட்டா மாஸ்டர். டி.பி. என்று தெரிந்தால் பீடிக் கடையில் இலையும் தூளும் தரமாட்டார்கள், சுற்றியதையும் வாங்கமாட்டார்கள் என்று பயம். அதனால் மாமியாருக்குத் தெரியாது, புருஷனுக்கும் தெரியாது. இங்கே அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் இருப்பவர் அவள் தெருக்காரர். ஆகவே மாத்திரையை நான் வாங்கி, நைட்டி விற்பவளாக அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். நாலு மாதமாக. மூட்டையில் மூன்றாவது நைட்டிக்குள் மாத்திரை அட்டை. மாமியார் நிஜமாகவே இரண்டு வாங்கி, கழுத்து பெரிசு என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாத்திரை நம் அரசாங்கம் கொடுப்பது. அமெரிக்கக் காசு என் சம்பளத்துக்கும் பஸ்ஸுக்கும்தான். கவுண்டரிலிருந்து அவள் வாசல்வரை உள்ள தூரம், அதுதான் நின்றுபோனது.

வெள்ளியோடு அவளிடம் மாத்திரை தீரும். இன்னும் இரண்டு மாதம் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், அப்போது இதே மருந்து கேட்காமலும் போகலாம். என் கைப்பையில் ஒரு வார அட்டை. ஒப்படைக்கவில்லை. மறந்தது போல வந்துவிட்டேன்.

ஜன. 29, புதன். தை அமாவாசை

இவர் அப்பாவுக்குத் தர்ப்பணம், குற்றாலத்தில். அருவியில் நூல் மாதிரி தண்ணீர், அதற்கு அவ்வளவு கூட்டம். பாப்பாவைக் குளிப்பாட்டவில்லை. உச்சியில் தெளித்ததோடு சரி. தெளித்த பிறகு ஒரு மணி நேரம் பயம்.

இட்லிக் கடையில் பக்கத்து மேசை. "அவன் அங்கன கையெழுத்து போட்டா ஒமக்கென்னவே?" "எம் மவன் விசாவுக்கு நிக்கான்லா."

நாளை க. வீட்டுக்குப் போகப்போவதை பஸ்ஸில் இவரிடம் சொன்னேன். கார்டே இல்லாமல் எந்த உரிமையில் போவாய், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். பாப்பாவைக் காட்டி, இவளையும் பாக்கணும்லா என்றார். அதுதான் சுட்டது. மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் அடுத்தவருக்குப் பரவாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுகிறேன்.

இலஞ்சி தாண்டியதும் இவரே கேட்டார். "நாளைக்கு எத்தன மணிக்குப் போற? பாப்பாவ நான் வச்சுக்கிடுதேன்."

ஜன. 30, வியாழன்

போனேன். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவையும் பூப்போட்டதுதானா, கட்டம் போட்டது கிடைக்காதா என்று ஒரு பாட்டம் குறை. அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனதும் க.விடம் அட்டையைக் கொடுத்து, இதுதான் கடைசி, அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கினாள்.

"அமெரிக்காவுக்கு என்னையத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"பொறவு எதுக்கு நிறுத்துதாவ?"

பி.ஏ. படித்திருக்கிறேன். நைட்டி மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

இருமல்தான் போய்விட்டதே, உடம்பும் தேறிவிட்டது, இதோடு விட்டுவிடுகிறேன் என்றாள். நாலாம் மாதம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும், அப்போதுதான் விடுவார்கள். செங்கோட்டை ஆஸ்பத்திரியில் உன்னை யாருக்கும் தெரியாது, திங்கள்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வீட்டில் என்ன சொல்ல என்றாள். அதற்குள் மாமியார் வந்தாள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். செங்கோட்டையில் மொத்தக் கடையில் நைட்டி எடுக்கப் போகிறேன், துணைக்கு இவள் வரட்டுமா பெரியம்மா?

"கூட்டிட்டுப் போ. ஏட்டி, கழுத்துப் பாத்து எடுக்கச் சொல்லு."

பிப். 1, சனி

வெயில். போர்வை துவைத்தேன். பாப்பா புதுசாக இரண்டு வார்த்தை சேர்க்கிறாள்: "அம்மா போ."

அடுத்த வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட வேண்டும். இன்று ஒன்றுதான் முடிந்தது.

சாயங்காலம் சார் போன். "நான் ஒங்களுக்குப் போன் பண்ணல, நீங்க எடுக்கல, சரியா?" நான் கேட்டிருந்தபடி செங்கோட்டை ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் க. விஷயம் சொல்லி வைத்திருக்கிறாராம். அவருக்கும் வேலை போய்விட்டது. சிரித்தார்.

திங்கள்: ஆதார் ஜெராக்ஸ். தண்ணீர் பாட்டில். அவளைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். பயப்படக் கூடாது (நான்).

பிப். 3, திங்கள்

எட்டு மணிக்குக் க. பஸ் ஸ்டாண்டில் நிற்பாளா என்று ஏழரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏழு மணிக்கே வந்து டீக்கடைப் பக்கம் நின்றிருக்கிறாள்.

செங்கோட்டையில் சிஸ்டர் கம்ப்யூட்டரில் க.வின் பெயரைக் கண்டுபிடித்தார். சிகிச்சை அட்டையில் ஒரு கட்டம்: மாத்திரை சாப்பிடுவதைக் கவனிப்பவர். அதில் எங்கள் திட்டத்தின் பெயர். இனி யார் பெயர் போட, வீட்டு ஆளாக இருந்தால் நல்லது என்றார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். க. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். ஓடிவிட்டாள் என்றே நினைத்தேன்.

கொல்லத்தில் இருக்கும் புருஷனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில், ஏனென்று தெரியவில்லை. நான் பக்கத்தில் நிற்கட்டும் என்றோ என்னவோ. மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னாள். அந்தப் பக்கம் கல்லில் புரோட்டா கொத்துகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"நாலு மாசமா?"

"ம்."

"நைட்டிக்காரியா கொண்டுவந்து தந்தா?"

"ம்."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன மணிக்கு மாத்திர?"

"காலைல ஆறுக்கு."

"ஆறுக்கு நான் போன் போடுதேன். வீடியோல காட்டித் தின்னு. அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். கடைல ஒருத்தர்ட்டயும் மூச்சு விடாண்டாம்."

சிஸ்டர் எங்கள் திட்டத்தின் பெயரை அடித்துவிட்டு, அதன் மேலே அவன் பெயரை எழுதினார். ஒரு மாத மாத்திரை. வழக்கம் போல வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். க. முந்திக்கொண்டாள். தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.