அன்று நீங்கள் இருமவில்லை

பினாங்கு மாநில மக்கள் அனைவருக்கும், குறிப்பாக எங்கள் ஃபிளாட்டின் ஏழாம் மாடிவாசிகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், சென்ற வாரம் பள்ளிச் சபைகூடலில், தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்த வேளையில், என் சிலுவார், அதாவது கால்சட்டை, பதவி விலகியது. இடுப்பு ஆதரவை விலக்கிக்கொண்டதே காரணம் என்று தெரிகிறது. பொதுமக்கள் அமைதி காக்கவும்.

அதனால்தான், அப்பா, உங்கள் பெல்ட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். தோலில் இன்னும் ஜாதிக்காய்த் தைல வாசனை. பஸ் ஓட்டிவிட்டு வந்து இடுப்பில் தேய்த்துக்கொள்வீர்களே, அதே வாசனை. இறுக்கிக்கொண்டே போனேன். கடையில் வாங்கும்போதே இருந்த ஓட்டைகளைத் தாண்டி, நீங்கள் ஆணியைச் சுட்டுப் போட்ட கோணல் ஓட்டைகளுக்கு வந்தேன். கடைசி ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே சிரிப்பு வரவில்லை.

அந்த ஓட்டைகளைப் போட்டபோது பெல்ட்டைப் பிடித்துக்கொண்டவன் நான்தானே. நாசி கண்டார் இரண்டு தட்டு சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனீர்கள். காற்றாடிக்கு நேராக உட்கார்ந்தும் வியர்த்தது. தேத்தண்ணிக் கோப்பை உங்கள் கையில் தாளம் போட்டது. "என்னாப்பா, கச்சேரியா?" என்று கேட்டால், "எஞ்சினு நல்லாத்தான் ஓடுது லா. கொஞ்சம் வேகமா ஓடுது, அவ்ளோதான்" என்பீர்கள்.

அம்மா அதை நம்பவில்லை. மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ், எத்தனை பேர் கண் பட்டதோ என்று, உப்பையும் காய்ந்த மிளகாயையும் உங்கள் தலையைச் சுற்றி எடுத்து, பழைய சட்டியில் போட்டுக் கருக்கினார். நம் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். யாருக்குச் சுற்றினாரோ அவர் இருமாவிட்டால் அது வெறும் கண், கழிந்தது. இருமினால் உடம்பில் ஏதோ கோளாறு, கிளினிக். மற்றவர்கள் இருமுவது கணக்கில் சேராது. நான் வாசல்வரை ஓடி இருமினேன். நீங்கள் கன்னம் உப்ப, கண்ணில் நீர் முட்ட, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா திரும்பியதும் எனக்குக் கண்ணடித்தீர்கள்.

"பாத்தீங்களா, கண்ணுதான்" என்றார் அம்மா, நிம்மதியாக. நம் குறும்புகளிலேயே இதுதான் உச்சம் என்று நான் நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், ஆள் ஏற்றும் முன்பே பஸ்ஸை ஓரம்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டீர்கள். இதயம் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இப்போது என் எஞ்சின் வேகமாக ஓடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏழு மாடி ஏறியதுபோல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கை நடுங்குவதைப் பார்த்துக் கூட்டாளி ஒருவன், "டேய், வைப்ரேட் மோட்ல இருக்கியா?" என்றான். "ஆமா லா, யாரோ கூப்புடுறாங்க" என்றேன். யார் கூப்பிடக்கூடும் என்று யோசித்ததும் கையைச் சிலுவார்ப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

என் இடுப்பில் அந்தப் பெல்ட்டைப் பார்த்த அம்மா, மிளகாய் டப்பாவைத் திறந்தார். "உக்காருடா."

புகை எழுந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாக மட்டும் இருந்துவிடக் கூடாதா என்று அந்த முகம் கெஞ்சியது. நான் இருமினேன், அப்பா. அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்கு இருமினேன். "நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குதும்மா. ரொம்ப நாளா" என்றேன். அம்மா அடுப்பை அணைத்தார். "நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிர்றேன்" என்றார்.

கவனித்தீர்களா? நீங்கள் செய்யாததை உங்கள் மகன் துணிந்து செய்தான். உண்மைக்காக இருமிய வீரன்! கூட்டாளிகளிடம் இதைச் சற்றுக் கூட்டியே சொல்லியாயிற்று.

கிளினிக்கில் டாக்டர் என் கழுத்தைத் தடவி, தண்ணீர் விழுங்கச் சொன்னார். நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். அது படபடவென்று ஆடியது. "தைராய்டு அளவுக்கு மேல வேல செய்யுதுன்னு நெனைக்கிறேன் தம்பி. ரத்தம் பாத்துத்தான் உறுதியா சொல்ல முடியும்."

"டாக்டர், ஸ்கூல்ல என்னைச் சோம்பேறின்னு சொல்றாங்க. இத அப்படியே எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். பிறகு அம்மாவிடம், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அம்மா பெல்ட்டைப் பார்த்தார். "தெரியல டாக்டர். அவரு எதையும் சொல்ல மாட்டாரு."

முடிவு இன்னும் வரவில்லை. அதுதான் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர். அதுவரை நெஞ்சின் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன மாத்திரை. அம்மாவின் கைப்பேசி மேசைமேல் கிடக்கிறது. ஒலிக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கிறோம். நேற்று அழைத்தவர் கேஸ் கடைக்காரர். அவரிடம் போய் அம்மா, "ரிசல்ட் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார். நான் என் நாடியை எண்ணத் தொடங்குகிறேன். பயந்து பாதியில் விடுகிறேன். பயந்ததாலேயே அது இன்னும் விரைகிறது.

பெல்ட்டை நான் கழற்றவில்லை. புதிதாக ஓட்டை எதுவும் போடவும் இல்லை.

கூட்டாளிகளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் துணிந்தெல்லாம் இருமவில்லை. உங்களைப் போலவே கன்னத்தை உப்பி அடக்கத்தான் பார்த்தேன். அம்மா சட்டியின் பக்கம் திரும்பியதும் கண்ணடிக்கலாம் என்று, அன்று நான் நின்ற வாசலைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை, அப்பா. இருமல் தானாக வந்துவிட்டது.