முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஓர் ஆள் நீளம்

என் செல்லத் தங்கை தேவகி,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தபோது மட்டும் எழுதிக் கிழித்துவிட்டாயா என்று கேட்பாய். கேள், கேட்க வேண்டியவள்தான். சைதாப்பேட்டையில் ஒரே ஓட்டுவீட்டில் கூட இருந்தவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது உன்னிடம் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். போடட்டும். நாலு பேர் படிக்க வேண்டிய சங்கதிதான்.

முதலில் ஊர்ச் செய்தி. மெட்ராஸ் சென்னையாகிவிட்டது. பெயரை மாற்றினார்களே தவிர 5-பி பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காதது மாறவில்லை. மயிலாப்பூர் வரைக்கும் தூண்மேல் ரயில் போகிறது; பாதிப் பெட்டி காலியாகப் போகிறது. அம்மா இன்னும் மார்க்கெட்டில் அதே இடத்தில் கீரைக் கூடையோடு உட்காருகிறாள். முட்டி வலிக்கிறது என்கிறாள், வீட்டில் இரு என்றால் சண்டைக்கு வருகிறாள்.

அடுத்தது பெரிய செய்தி. நம் பல்கலைக்கழக மைதானத்துக்குப் புது டிராக் வருகிறது, தேவகி. செக்கச் சிவந்த ரப்பர் டிராக். மழை பெய்தாலும் சேறாகாதாம். டெல்லியிலிருந்து ஒரு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு, பழைய மாணவர்கள் ஒரு பங்கு. அந்தக் கோப்பு ஒவ்வொரு மேஜையிலும் படுத்துப் படுத்து எழுந்து வந்தது. விளையாட்டுத் துறை டைரக்டர் சார் அதன் பின்னாலேயே அலைந்து செருப்புத் தேய்ந்தார். பெண்களுக்குத் தனி அறை கட்டப்போகிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் உண்டு, குழாய் உண்டு. நீ என் ஸ்டோர் ரூமில் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே உடை மாற்றுவாய், நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பேன். வெளியே வரும்போது முழங்கையில் வெள்ளை ஒட்டியிருக்கும். வெள்ளையடித்த சுவரா நீ என்று கேலி செய்வேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு நான் டிராக்குக்குத் தண்ணீர் தெளிப்பது உனக்குத் தெரியும். டிராக்கில் பரப்பிய கரித்தூள் நனைந்து கறுத்து வரும் நேரத்தில், நீ போன பிறகும், உன் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ சத்தம் கேட்கும். முதல் வளைவில் லேசாக, எதிர்ப்பக்கத்தில் இன்னும் லேசாக, கடைசி வளைவில் மூச்சுச் சத்தமும் சேர்ந்து. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பயம் என்றே வைத்துக்கொள். என் முதுகுக்குப் பின்னால் நேர்ப்பாதையில் வரும், வரும், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். கோட்டைத் தாண்டியதே இல்லை. தினமும் அதே இடம்தான். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினேன். கயிறு இற்றுப் போய் விழுந்தது. சத்தம் விடவில்லை.

இவள் ஏன் ஓடி முடிக்க மாட்டேன் என்கிறாள்? வருஷக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

புது டிராக்குக்கு அளவெடுக்க ஒரு சர்வேயர் பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், அதாவது நீ இருந்திருந்தால். மூன்று கால் கருவியை நிறுத்திவைத்துப் பழைய டிராக்கை அளந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த டிராக்கை யார் போட்டது?"

"நான்தாம்மா. கோடு போடற மார்க்கர் நான்தான். இன்னா விசயம்?"

"ஒரு சுத்து நானூறு மீட்டர் வரணும்ல? கிட்டத்தட்ட நானூத்தி ரெண்டு வருதே."

பக்கத்தில் நின்ற டைரக்டர் சார் சிரித்தார். "விடும்மா. தோண்டி எறியப் போற மண்ணுதானே. புதுசை ஒழுங்காப் போடுங்க, போதும்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் உள்விளிம்புச் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுண்ணாம்புக் கோடு மழைக்கு நிற்கவில்லை என்று உள்விளிம்பில் செங்கல் பதித்தோமே, அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஓடுகிறவள் விளிம்பை உரசிக்கொண்டு ஓட முடியாது, ஓரடி தள்ளித்தான் கால் வைப்பாள். அதனால் நானூறு மீட்டரை அந்த ஓரடி தள்ளி அளக்க வேண்டும். கல்லை அதற்கு உள்ளே பதிக்க வேண்டும். டைரக்டர் சார் ஒரு சீட்டில் இரண்டு அளவையும் எழுதித் தந்திருந்தார். மேலே இருந்தது கால் போகும் பாதைக்கு. கீழே இருந்தது கல்லுக்கு. நான் மேலே இருந்த அளவுக்குக் கம்பியை வெட்டி, நடு முளையில் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டே அரைவட்டம் போட்டுக் கல்லைப் பதித்துவிட்டேன். ஓரடிதான் பிசகு. ஆனால் இரண்டு வளைவையும் சுற்றி வரும்போது அந்த ஓரடி ஓர் ஆள் நீளமாக வளர்ந்துவிடும்.

கம்பியின் மறுமுனையைப் பிடித்தவள் நீ. கல் பதித்து முடித்ததும் வெளிப்பக்கம் வாய்க்கால் ஓரமாக நின்று நீ கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

"இன்னாண்ணா, எட்டாவது லேனு வாய்க்காவ ஒட்டிக்கினு கீது? போன வருசம் நடுவுல ஒரு ஆளு நடந்து போவ எடம் இருந்துச்சே."

"நீ ஓடறவ. ஓடற வேலைய மட்டும் பாரு. அளக்கறதுக்கு நான் கீறேன்."

நீ நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. பார்க்காதவன் நான்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தத் தேர்வு ஓட்டம். நானூறு மீட்டரில் நீதான் முதலில் வந்தாய். அடுத்தவள் நேர்ப்பாதையில் பாதியில்தான் வந்துகொண்டிருந்தாள். ஆனால் முதலில் வந்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குள் வர வேண்டும். வந்தால்தான் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்புவார்கள். அதில் ஓடிவிட்டு வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலை. அம்மாவை மார்க்கெட்டிலிருந்து எழுப்பி வீட்டில் உட்கார வைப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மூன்று ஸ்டாப் வாட்ச்சையும் பார்த்தார்கள். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. உன் பெயருக்கு நேரே 'தகுதி இல்லை' என்று எழுதினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நான் உன்னைச் சும்மா விட்டேனா? "கடைசி நூறுல உட்டுட்ட தேவகி. ஜெயிச்சுட்டோம்னு தெனாவட்டு. சோம்பேறித்தனம்." நாலு பேர் பார்க்கப் பேசினேன்.

"நான் வேகத்த உடலண்ணா" என்றாய். மறைமலையடிகள் பாலம் தாண்டும் வரைக்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

மறுநாளிலிருந்து கடைசி நூறு மீட்டரை மட்டும் திரும்பத் திரும்ப ஓடினாய். நான் குறை சொன்ன இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாய். அடுத்த தேர்வு வருவதற்குள் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். கண் மஞ்சளாகிப் படுத்திருந்தாய். மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "அண்ணா, கடைசில நான் உடலண்ணா. நெசமா."

"சரி சரி, குடி" என்றேன்.

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத் தெரியாதே, தேவகி. உன்னை நம்புவதற்கு அளவு டேப் எதற்கு? அண்ணனாக இருந்தால் போதாதா?

சர்வே முடிந்த மறுவாரம் பணம் கொடுக்கும் கமிட்டி வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தற்போதுள்ள டிராக்கின் நீளம் என்று ஒரு வரி. டிராக் போட்டவன் கையெழுத்துக்கு ஓர் இடம். டைரக்டர் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மூர்த்தி, நானூறுன்னு போட்டுக் கையெழுத்துப் போடு."

"சார், அந்தப் பொண்ணு அளந்ததுல..."

"எனக்குத் தெரியும்யா. இத்தனை வருஷம் இதுலதான் எல்லா ஸ்போர்ட்ஸ் மீட்டும் நடத்தியிருக்கோம். இப்ப இதைக் கிளப்பினா ஆயிரம் கேள்வி வரும். பணம் நின்னுபோச்சுன்னா டிராக்கும் கிடையாது, பொண்ணுங்களுக்கு ரூமும் கிடையாது. உன் தங்கச்சிக்காக இருக்கிற பொண்ணுங்க வயித்துல அடிப்பியா?"

அவர் கெட்டவர் இல்லை. உனக்கு முதல் ஸ்பைக்ஸ் வாங்கித் தந்தவரே அவர்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் தெளிக்கும்போது நீ வந்தாய். வளைவு, மூச்சு, நேர்ப்பாதை, வழக்கம்போல நின்றாய். குழாயைக் கீழே போட்டேன். சத்தம் நின்ற இடத்துக்குப் போனேன். முடிவுக் கோட்டில் குதிகாலை வைத்து ஈரக் கரித்தூளில் மல்லாக்க நீட்டிப் படுத்தேன். நீ நின்ற இடம் என் தலைக்கு மேல் ஒரு சாண் தள்ளி இருந்தது. சர்வேயர் பெண் கணக்கில் கூடுதலாக வந்த நீளமும் அதுதான். பைத்தியக்காரன் என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டையெல்லாம் கரி. அப்படியே கிடந்து அழுதேன்.

எழுந்து போய்ப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். கல்லைத் தவறாகப் பதித்தது நான், இரா. மூர்த்தி, மார்க்கர் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைரக்டர் சார் வாங்கிப் பார்த்தார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

கமிட்டியில் வந்த பெரியவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பழசு தப்புன்னா புதுசு வேணும்ங்கறதுக்கு இதைவிட என்னய்யா காரணம் வேணும்?" என்றார். பணம் வந்துவிட்டது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. என் தவறுதான் என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். எத்தனை மீட்டர், யார் போட்டது, எப்போது போட்டது என்று எல்லாம் கேட்டார்கள். அதில் யார் ஓடினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீ மட்டுமா? இத்தனை வருஷத்தில் இன்னும் எத்தனை பெண்கள் 'தகுதி இல்லை' என்று வீட்டுக்குப் போனார்களோ? அவர்களுக்கும் எத்தனை அண்ணன்கள் என்னைப் போல் பேசினார்களோ?

தோண்டுவதற்கு முந்தின நாள் அம்மாவை மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தேன். நீ ஓடியதை ஒரு நாளும் பார்க்காதவள், கீரைக் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்தாள். சர்வேயர் பெண் சரியான நானூறு எங்கே முடிகிறதோ அங்கே முளை அடித்துக் கொடுத்தாள். நான் புதுச் சுண்ணாம்பு எடுத்துக் குறுக்கே கோடு போட்டேன். இதுவரை போட்டதிலேயே நேரான கோடு அதுதான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அந்தக் கோட்டருகே நின்று குனிந்து பார்த்தாள். "எம்பொண்ணு இங்கயே முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டாம்மா. டைமுக்குள்ளயே முடிச்சிட்டா."

அங்கிருந்து பழைய முடிவுக் கோடு வரைக்கும் அவளே மெதுவாக நடந்து போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். "இத்தினியூண்டு எடத்துக்காடா அன்னிக்கி அவள அந்தப் பேச்சு பேசின?"

நான் குனிந்து மிச்சச் சுண்ணாம்பை வாரிக் கட்டினேன்.

மறுநாள் இயந்திரம் வந்து என் கற்களை அரை மணியில் பெயர்த்துப் போட்டது. அதற்கடுத்த காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். சத்தம் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவே இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை தேவகி, தாங்க முடியவில்லை. பயந்துகொண்டாவது உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு பெண் நேரத்தில் பிந்தினால், அவளைப் பேசுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டிராக்கை அளப்பேன். அளந்து சரியாக இருந்தாலும் அவள் சொல்வதை முதலில் கேட்பேன். புது டிராக்குக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாமாம். இருந்தாலும் ஆறு மணிக்கு வந்து நிற்பேன். நீ வந்தால், சத்தியமாக, இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பேன்.

கல்லைத் தள்ளிப் பதித்து உன்னைக் குறை சொன்ன,
உன் அண்ணன்
மூர்த்தி