தனகோட்டி வாங்கிய மடக்குக் கத்தி

நவ. 18, செவ்வாய்

விடியற்காலையில் பிடித்த தூறல், விடவில்லை. கொடியில் கிடக்கும் சட்டைகள் முந்தாநாள் துவைத்தவை. இன்னும் ஈரம்.

மதியம் கூரியர். என் பெயர், என் முகவரி. நான் எதுவும் வாங்கியதாக நினைவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அரிசி ஆலைகளின் மின்தடைச் செய்தியை அனுப்பிய பிறகுதான் பிரித்தேன். கறுப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் துணிப்பை. பைக்குள் ஒரு மடக்குக் கத்தி.

தனகோட்டியின் கத்தி.

மறந்தே போயிருந்தேன். புரட்டாசியில் ஒரு நாள், பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சில், பணத்தை என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, என் போனைப் பிடுங்கி அவனே ஆர்டர் போட்டான்.

"உன் ஊட்டு அட்ரஸ் போட்டுக்கறேன்டா. என் ஊட்டுக்கு வந்துதுன்னா மல்லிகா தாளிச்சிடுவா."

கடல் தாண்டி வருகிற சாமான், நாளாகும் என்றான். ஆனது. ஐப்பசி பிறந்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டான். காரியமும் முடிந்தது. கத்தி இன்று வருகிறது.

கையடக்கம். அலகின் ஒரு பக்கம் வடிவமைத்தவரின் முத்திரை, மறு பக்கம் தொழிற்சாலையின் பெயர். இதை அன்றைக்கே விளக்கினான். வடிவமைத்தவர் தன் கையால் ஒவ்வொன்றாகக் கத்தி செய்பவர். அவரிடம் நேரே வாங்க நம் மாதிரி ஆட்களால் ஆகாது. அதனால் வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டார். ஒரு தொழிற்சாலை நிறையச் செய்கிறது.

"ரெண்டு பேரு பேரையும் போட்டுக்கீறான் பாரு. நாமளும்தான் இத்தினி வருஷமா ஜோடியா சுத்தறோம். நான் படம், நீ எழுத்து. உன் பேரும் வந்ததில்ல, என் பேரும் வந்ததில்ல. நமது நிருபராம்!"

டீக்கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.

நாளை மல்லிகாவிடம் கொடுத்துவிட வேண்டும்.


நவ. 19, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

கொடுக்கவில்லை. பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

திறப்பது சுலபம். அலகின் அடியில் ஒரு சின்ன மூக்கு. விரலால் அதை அழுத்தினால் எண்ணெயில் வழுக்குவது போல வெளியே வருகிறது. முழுசாக விரிந்ததும் 'டக்'. கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக்கொடுக்கிறது. மூட வேண்டுமென்றால் கட்டைவிரலால் அந்தத் தகட்டை ஓரம் தள்ள வேண்டும். தெரியாதவர் எவ்வளவு அழுத்தினாலும் மூடாது.

கரீம் பாயின் டீக்கடை. எலுமிச்சம்பழம் நறுக்கத் தன் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். இதை எடுத்தேன்.

"இன்னா சார், கத்தி வச்சிகினு சுத்தறீங்க? எவன் மேல காண்டு?"

"எலுமிச்சம்பழம் மேல, பாய்."

நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். "கீழ வைங்க சார். கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும். நமக்குள்ள இன்னாத்துக்கு பேஜாரு?"

பெஞ்சில் வைத்தேன். எடுத்தார். நறுக்கினார். பிறகு மூட முடியவில்லை. அலகின் முதுகில் அழுத்துகிறார், தொடையில் வைத்து அழுத்துகிறார். டீ குடிக்க வந்த டிரைவர் ஒருவரும் முயற்சி. "அண்ணே, இது செத்தாலும் மூடாது." கடைசியில் நான் மூடிக் காட்டியதும் பாய்க்குக் கோபம்.

"இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா சார்?"

தனகோட்டி இருந்திருந்தால் இந்தக் கூத்தைப் படம் எடுத்திருப்பான்.

அரைமூடித் தேங்காய் கெட்டுவிட்டது. ஒரு ஆளுக்கு ஒரு தேங்காய் எப்போதும் அதிகம்.


நவ. 21, வெள்ளி

நேற்று முழுக்க மழை. இன்று கோட்டைக்குப் பின்பக்கத் தெருக்களில் நெசவுத் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறிய செய்தி. முனிரத்தினம் வீட்டில் குழியிலிருந்து சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தறியில் ஓடும் பாவு நூல் நனையாமல் மேலே பிளாஸ்டிக் தாள். அதைக் கட்டச் சணல் அறுக்க வேண்டியிருந்தது. கத்தியை எடுத்துக் கீழே வைத்தேன்.

முனிரத்தினம் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "மரமா சார்?"

துணி என்றேன். துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினில் அழுத்திச் செய்வதாம். பெட்டியோடு வந்த தாளில் படித்தது.

"துணியா!" மனைவியைக் கூப்பிட்டார். "சாந்தி, இங்க வா. துணியில கைப்பிடி போட்டுக்கீறான் பாரு."

சாந்தி வந்து உற்றுப் பார்த்தாள். "நம்ம பட்டுல போடச் சொல்லுங்க சார். தேங்கிக் கெடக்கற சேலைங்க அப்பிடியாவது போவட்டும்."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே வாசலைப் பார்த்துக் கேட்டாள்: "போட்டோகார அண்ணன் எங்க? வண்டியாண்ட நிக்கறாரா? டீ போடறேன், உள்ள வரச் சொல்லுங்க."

தெரியாது இவர்களுக்கு. சொன்னேன். வாளி அப்படியே நின்றது. முனிரத்தினம், "போன வருஷம் தீபாவளிக்கு எங்க ரெண்டு பேரையும் தறியில உக்கார வச்சி எடுத்தாரே" என்று மட்டும் சொன்னார்.

சொல்லச் சொல்ல எளிதாகும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தெருவிலும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் நானே எடுத்தேன், போனில். கோணல். அலுவலகம் அதையே போட்டுக்கொள்ளும்.


நவ. 22, சனி

கீறல் விழுந்துவிட்டது.

பைக் துடைத்தேன். பின்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் கம்பி இரண்டும் மடங்கியபடியே சேற்றில் இறுகிக் கிடந்தன. அவன் போன பிறகு அவற்றை யாரும் விரிக்கவில்லை. விரலால் வரவில்லை. யோசிக்காமல் கத்தி முனையால் சேற்றைக் குத்தி எடுத்தேன். சேறு வந்தது. கம்பி விரிந்தது. அலகில் வெள்ளையாக ஒரு கோடு, வடிவமைத்தவரின் முத்திரையை ஒட்டி.

தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

யாரும் உட்காரப் போவதில்லை. எதற்கு விரித்தேன்?


நவ. 23, ஞாயிறு

மூட்டம். ஈசல். கண்ணமங்கலம் பக்கம் நல்ல மழை என்று தகவல். வேலை இல்லாத நாள்.

உட்கார்ந்து கத்தியைப் பற்றி எழுதுகிறேன். தனகோட்டி கேட்டிருப்பான், "எப்பிடிடா கீது?" என்று. அவனுக்குப் பதில்:

நிறை. கூர்மை. தக்காளித் தோலில் வைத்தாலே இறங்குகிறது. எலுமிச்சைக்குக் கறை பிடிக்கவில்லை. கைப்பிடி ஈரக்கையிலும் வழுக்கவில்லை. பாக்கெட்டில் இருப்பதே தெரியாத எடை.

குறை. பாக்கெட்டில் மாட்டும் கிளிப் ரொம்ப இறுக்கம், பேன்ட் ஓரத்தில் நூல் பிரிய ஆரம்பித்துவிட்டது. மூடியிருக்கும்போது அலகு நடுவில் நிற்காமல் ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்கிறது. சூரிக்கத்தி மாதிரி 'டக்'கென்று திறப்பதால் பஸ்ஸில் எடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். தீபத்துக்குத் திருவண்ணாமலை போகும்போது கொண்டுபோகக் கூடாது. சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

பூட்டு. இது நிறையா குறையா என்று தெரியவில்லை. கெட்டி. ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் மூடலாம்.

எழுதி முடித்தும் பொழுது போகவில்லை.

ஞாயிறு என்றால் அவன் வீடு. இருபது வருடத்துக்கு மேல். கல்யாணம் காட்சி இல்லாதவன் என்று மல்லிகா எனக்கும் சேர்த்தே உலை வைப்பாள். சாப்பிட்டு, டீ குடித்து, இருவரும் அடுத்த வாரச் செய்திகள் பேசி, இருட்டும் முன் திரும்புவேன். இந்த ஊரில் நான் கதவைத் தட்டாமல் நுழைகிற ஒரே வீடு.

காரியம் முடிந்த பிறகு ஒரு தரம் போனேன். மகள் ஓசூருக்குத் திரும்பியிருந்தாள். வண்டியை நிறுத்தும்போது எதிர்வீட்டம்மா யாரிடமோ: "அவரே இல்ல. இவரு இன்னும் இன்னாத்துக்கு வந்துகினு கீறாரு?"

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்கிற மெதுவு. வண்டியில் எதையோ சரிசெய்வது போலக் குனிந்து, அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

கத்தி, போவதற்கு ஒரு காரணம். அந்த ஒன்றுதான் இருக்கிறது. கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. கொடுக்காததற்கு உண்மையான காரணம் இதுதான். இந்த நோட்டில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது.


நவ. 25, செவ்வாய்

வெயில். சட்டைகள் காய்ந்தன. போனேன்.

கதவு திறந்திருந்தது. தட்டினேன். மல்லிகா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, புதுசா கதவெல்லாம் தட்டறீங்க? உள்ள வாங்க" என்றாள். இளைத்திருக்கிறாள். முன்னறையில் மாலை போட்ட அவன் படம். நான் போனில் எடுத்ததைத்தான் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவனுக்குத் தன் படம் இருக்கவில்லை.

பெட்டியை மேஜையில் வைத்தேன். தனகோட்டி வாங்கியது, லேட்டாக வந்தது என்றேன்.

திறக்காமலேயே சொன்னாள்: "கத்தியா?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? மூணு மாசமா அந்த வீடியோவதான் பாத்துகினு கெடந்தாரு. ஒருத்தன் கத்தியத் தொறக்கறான், மூடறான். தொறக்கறான், மூடறான். ஒரு கதை உண்டா, ஒரு பாட்டு உண்டா? நான் பக்கத்துல வந்தா ஜல்தியா போனைக் கவுத்துடுவாரு. இன்னா பெரிய ரகசியம்! ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி."

கீறலைக் காட்டினேன். எப்படி விழுந்தது என்றும் சொன்னேன். பார்த்தாள். "உங்க கையில இருந்ததால கோடு. அவரு கையில இருந்திருந்தா இந்நேரம் மொனையே இருக்காது. அவரு லென்ஸைத் தவிர எதை ஒழுங்கா வச்சிருந்தாரு?"

கொய்யா கொண்டுவந்தாள். கத்தியின் மூக்கை அழுத்தித் திறந்தாள். நாலாக நறுக்கினாள். தகட்டைத் தள்ளி மூடினாள். மறுபடி திறந்து, மறுபடி மூடினாள். கரீம் பாய்க்கு வராதது. வீடியோவை அவளும் பார்த்திருக்கிறாள், அவன் தோளுக்கு மேலே.

இரண்டு பெயர்களையும் காட்டினேன். அவன் சொன்னதைச் சொன்னேன், நமது நிருபர் உட்பட. முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டம்மா வாசலில் வந்து நின்று, ஏற்கெனவே பெருக்கிய இடத்தைப் பெருக்கினாள். எழுந்துவிட்டேன். டீ பாதியில்.

"ஞாயித்துக்கெழம கூட வர்றதில்ல" என்றாள் மல்லிகா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"வேலைம்மா. தீபம் வருது இல்ல."

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தி மேஜையில், அவள் பக்கமாக.

வந்துவிட்டேன்.


நவ. 26, புதன்

பேப்பர் கட்டைப் பிரிக்கக் கை பாக்கெட்டுக்குப் போகிறது. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

சிறப்புப் பேருந்துகள் செய்தி அனுப்பியாயிற்று. முனிரத்தினம் வீட்டுத் தறிக்குழி வந்திருக்கிறது, இரண்டாம் பக்கம். படம் கோணலாகவே. மேலே, நமது நிருபர்.

மின்சாரக் கட்டணம். சர்க்கரை மாத்திரை. தேங்காய் சின்னதாக.

பேன்ட் ஓரத்தில் கிளிப் பிரித்த நூல் தொங்குகிறது. வெட்டவில்லை.


நவ. 28, வெள்ளி

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. காற்று.

இப்போதுதான் போன். மல்லிகா.

"அண்ணா, அந்தக் கத்தி மூட மாட்டேங்குது. சப்போட்டா அரியலாம்னு தொறந்தேன், தொறந்தது தொறந்தபடியே கீது. துணி சுத்தி ஃபிரிட்ஜ் மேல வச்சிக்கீறேன். யாரு கையையாவது கிழிச்சிடப் போவுது. வந்து மூடிக் குடுத்துட்டுப் போங்க."

பின்னால் சைக்கிள் மணி, ஒரு நாய். வீட்டுக்குள்ளிருந்து பேசவில்லை. வாசலில் நின்று பேசுகிறாள். போனுக்குத் தேவையில்லாத சத்தம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்கிற சத்தம்.

"அவரு வாங்கின சாமான் அண்ணா. உங்களத் தவிர யாருக்கும் மூடத் தெரியல!"

செவ்வாய்க்கிழமை அவளே மூடினாள். இரண்டு தரம்.

கட்டைவிரலால் தகட்டை ஓரம் தள்ளு. போனில் ஒரு வரி. சொல்லவில்லை. "வர்றேம்மா" என்றேன்.

மழை பிடிப்பதற்குள் கிளம்ப வேண்டும்.